சிவப்புப் புள்ளி வைத்த குவளை

அந்த ஐந்து நாளில் எனக்குக் கோபம் வராத நேரம் என்று பார்த்தால் தூங்கின நேரம் மட்டும்தான். அதிலும் முதுகுக்கடியில் கல் குத்தினபோது எழுந்து உட்கார்ந்து ஒருமுறை திட்டிவிட்டுத்தான் படுத்தேன்.

விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தில் தரம் பிரிக்கிற மேற்பார்வையாளன் நான். சூளையிலிருந்து இறங்குகிற கப்புகளைச் சுண்டிப் பார்த்து, நல்லதை ஒரு பக்கமும் கோணலையும் கீறலையும் இன்னொரு பக்கமும் வைப்பது என் வேலை. எழுபதுகளின் நடுவில், நான்கு மாதப் பயிற்சிக்கு என்று என்னை ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் ஒரு நாள், "எங்களுக்கு வெள்ளை மண் எங்கிருந்து வருகிறது என்று நேரில் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, ரான் என்கிற ஐம்பது வயசுக்காரரோடு ஒரு ஜீப்பில் ஏற்றிவிட்டார்கள். மண் இருக்கிற இடம் பக்கம்தான் என்றார்கள். அந்த ஊரில் பக்கம் என்றால் ஐந்து நாள் ஓட்டுகிற தூரம் என்பதை யாரும் சொல்லவில்லை.

என் கோபம் ஆஸ்திரேலியாவில் இறங்கின விமான நிலையத்திலேயே தொடங்கிவிட்டது. கிளம்புகிற அன்று எங்கள் சூளைக்காரன் கலியன் ஒரு கப்பை வைக்கோலில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். கலியனுக்கு என் வயசு. சூளையின் கண் வழியே ஒரு தடவை பார்த்தால் போதும், இன்னும் எத்தனை நேரம் எரியவிட வேண்டும் என்று சொல்லிவிடுவான். அளவு பார்க்கிற கருவி பிசகும், கலியன் பிசகமாட்டான். "நூத்துல ஒண்ணு இப்பிடி எறங்கும் சார். போற எடத்துல டீ குடிங்க. நம்ம ஊர் சாமான் எப்பிடி இருக்குதுன்னு அவங்களும் பாக்கட்டும்" என்றான். அந்த வைக்கோலை ஒரு அதிகாரி கையுறை மாட்டிக்கொண்டு, செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் போய்க் கொளுத்தினார். வெளிநாட்டு வைக்கோலில் பூச்சி வருமாம். கப்பை மட்டும் செய்தித்தாளில் சுற்றித் தந்தார். சாமானுக்கு உயிரே வைக்கோல்தான் என்று நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை.

முதல் நாள் மதியத்தோடு தார் ரோடு முடிந்தது. அதற்குமேல் செம்மண். அதை ரோடு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வண்டிச் சக்கரங்கள் அந்த மண்ணை வரிவரியாக மடித்து வைத்திருந்தன; தகரக் கூரையைத் தரையில் பரப்பி அதன்மேல் ஓட்டுவதுபோல இருந்தது. பல் கடகடவென்று அடித்துக்கொண்டதில் பேசவும் முடியவில்லை. கருவேப்பிலங்குறிச்சிப் பக்கம் மழைக்காலத்தில் ரோடு மோசம் என்று கலெக்டருக்கு மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவன் நான். அந்த மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று தோன்றியது.

ரான் என்னை 'மேட்' என்று கூப்பிட்டார். கூட்டாளி என்று அர்த்தமாம். பார்த்து அரை மணி நேரத்தில் என்ன கூட்டு வந்துவிட்டது? அதுவாவது போகட்டும். வழியெல்லாம் ஆட்டுப் பண்ணைகளின் கம்பி வேலி. வேலிக்கு வேலி ஒரு இரும்பு கேட். முதல் கேட்டில் வண்டியை நிறுத்தி என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். "இறங்கித் திறந்துவிடுங்க, மேட்" என்றார். இறங்கித் திறந்தேன், வண்டி போனதும் மூடினேன், புழுதியில் ஓடிப்போய் ஏறினேன். அன்றைக்கு மட்டும் பதினேழு கேட். எங்கள் ஊர் ஜங்ஷனில் கேட் போட என்று சம்பளம் வாங்குகிற ஆள் தனியாக இருக்கிறார். நான் சர்க்கார் கடிதத்தோடு வந்த விருந்தாளி. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன்தான் கேட் திறக்க வேண்டும், அது இந்த நாட்டு வழக்கம் என்றார் ரான். யார் வைத்த வழக்கம் என்று கேட்டேன். "ஓட்டுகிறவன் வைத்தது" என்று சொல்லிச் சிரித்தார்.

சாயங்காலம் ஒரு காய்ந்த ஓடைப் பக்கம் வண்டியை நிறுத்தினார். கூடாரம்கூடக் கிடையாது. ஆளுக்கொரு கித்தான் படுக்கை, சுருட்டினால் மூட்டை, விரித்தால் மெத்தை. கோதுமை மாவைப் பிசைந்து நெருப்புச் சாம்பலில் புதைத்து ஒரு ரொட்டி எடுத்தார். மேலே சாம்பல், உள்ளே மாவு. நான் கொண்டுபோயிருந்த எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு அதையும் சாப்பிட்டேன். மூக்கிலும் வாயிலும் ஈ. பேசுவதற்கு வாயைத் திறந்தால் ஒன்றாவது உள்ளே போய்விட்டது.

பிறகுதான் அது நடந்தது. தகரப் பாத்திரத்தில் கொதித்த டீயை எனாமல் குவளையில் ஊற்றி என்னிடம் நீட்டினார். நான் வாங்கப் போனேன். குவளையின் பிடிக்காதுக்குக் கீழே ஒரு சிவப்புப் புள்ளி. பெயிண்ட்டில் வைத்த புள்ளி.

"இது உங்களுக்கு. இதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்க. என்னுடையதோடு கலந்துவிட வேண்டாம்" என்றார் ரான்.

உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. புள்ளி வைத்த கப்பு யாருக்கு என்று எனக்கா தெரியாது? எங்கள் கூடத்தில் கோணல் கப்புகளுக்குக் காதுக்குக் கீழே நீலப் புள்ளி வைப்பதே நான்தான். சல்லிசாகப் போகும். அதில் பாதியை டீக்கடைக்காரர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். காலனி ஆட்களுக்குக் கடைக்கு வெளியே மூங்கிலில் தனியாக மாட்டி வைக்க அதுதான் சௌகரியம். புள்ளி இருப்பதால் மற்ற கப்புகளோடு கலக்காது. நான் அதுவரை அதை ஒரு வியாபார சௌகரியமாக மட்டும்தான் பார்த்திருந்தேன். அந்த ஓடைக்கரையில், என் கைக்கே ஒரு புள்ளி வந்தபோதுதான் அதற்கு என்ன அர்த்தம் என்று உறைத்தது. எனக்கா தனிக் குவளை? பி.எஸ்ஸி. படித்தவனுக்கா? விருத்தாசலத்தில் தெருவில் போனால் நான்கு பேர் வணக்கம் சொல்கிற எனக்கா?

"எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து கலியன் கொடுத்த கப்பை எடுத்தேன். ரான் தோளைக் குலுக்கிவிட்டு அதை வாங்கிக்கொண்டார். கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அழகான சாமான்" என்றார். பிறகு அதில் டீயை ஊற்றினார்.

இரண்டாம் நாள் அந்தக் கப்பு உடைந்தது. உடையாமல் என்ன செய்யும்? செய்தித்தாள் என்ன வைக்கோலா? தகரக் கூரை ரோட்டில் ஆறு மணி நேரம் குலுங்கிவிட்டுப் பெட்டியைத் திறந்தால் மூன்று துண்டாகக் கிடந்தது. நூற்றில் ஒன்றாக இறங்கின கப்பு. துண்டுகளைக் கைக்குட்டையில் முடிந்து வைத்துக்கொண்டு, அந்த அதிகாரியை, ரோட்டை, ரானை, என்னை இங்கே அனுப்பினவர்களை என்று வரிசையாகத் திட்டினேன். தமிழில் திட்டினதால் ரான் அதைப் பாட்டு என்று நினைத்தாரோ என்னவோ, ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

இனி எதில் குடிப்பது? சிவப்புப் புள்ளிக் குவளை பின்னால் ஆணியில் ஆடிக்கொண்டிருந்தது. அதைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். தாகம் எடுத்தபோது வண்டிக்குப் பின்னால் இருந்த தண்ணீர்ப் பீப்பாயின் குழாயை ரானைத் திறக்கச் சொல்லி, குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடித்தேன். பாதி உள்ளே போனது, பாதி முழங்கை வழியாக மண்ணுக்குப் போனது. டீயே வேண்டாம் என்றேன். ரான் என்னை விநோதமாகப் பார்த்தார். நான் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல நிமிர்ந்து வாயைத் துடைத்துக்கொண்டேன். எங்கள் ஊர்ப்பக்கம் யார் இப்படிக் குனிந்து கை குவித்துக் குடிப்பார்கள் என்பது அப்போது எனக்கு நினைவுக்கே வரவில்லை. கோபக்காரனுக்குக் கண் தெரியாது என்று சும்மாவா சொல்கிறோம்.

மூன்றாம் நாள் காலையில் ரான் பீப்பாயைத் தட்டினார். நான் தட்டிக் கேட்டுப் பிழைக்கிறவன்; சத்தத்திலேயே புரிந்துவிட்டது. காலி. ரோட்டின் குலுக்கலில் குழாய் தளர்ந்து வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. வண்டியின் முன்னால் ஒரு கித்தான் பையில் தொங்கின தண்ணீர் மட்டும்தான் மிச்சம். ரேடியேட்டரும் அதைத்தான் குடிக்க வேண்டும். முந்தின நாள் பகல் முழுவதும் எதிரே வந்த வண்டி ஒன்றே ஒன்று. எங்கள் ஸ்ரீமுஷ்ணம் பஸ் நடுரோட்டில் நின்றால் ஐந்து நிமிஷத்தில் பத்து பேர் தள்ள வந்துவிடுவார்கள், அதில் இரண்டு பேர் டிரைவருக்கே புத்தி சொல்வார்கள். இங்கே கூப்பிட்டால் கேட்க ஈயைத் தவிர யாரும் இல்லை.

கித்தான் பையிலிருந்து கொஞ்சம் தண்ணீரைச் சிவப்புப் புள்ளிக் குவளையில் ஊற்றி என்னிடம் நீட்டினார் ரான். நான் கையைக் குவித்தேன்.

அந்த மனிதர் அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினார். "நேற்று நீங்க மண்ணில் கொட்டினது எவ்வளவு தெரியுமா? இன்றைக்கும் கொட்டப் போறீங்களா? குவளை வைத்துக்கொண்டு ஏன் இப்படிக் குடிக்கிறீங்க?"

நானும் கத்தினேன். மூன்று நாள் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. "எனக்குப் புள்ளி வைத்த குவளை கொடுத்தீர்களே, உங்களோடு கலக்கக் கூடாது என்றீர்களே, நான் என்ன தீட்டா?"

அந்தக் கடைசி வார்த்தையை நான் இங்கிலீஷில் எப்படிச் சொன்னேன் என்று எனக்கு நினைவில்லை. ரானுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு மெதுவாகத் தன்னுடைய குவளையை எடுத்துத் திருப்பிக் காட்டினார். காதுக்குக் கீழே ஒரு பச்சைப் புள்ளி.

"இந்த ரோட்டில் பாத்திரம் கழுவத் தண்ணீர் கிடையாது. ஆளுக்கொரு குவளை, கடைசி வரைக்கும் கழுவாமல் அதே குவளை. யாருடையது எது என்று தெரியத்தான் புள்ளி. நான் பச்சை, நீங்க சிவப்பு. போன தடவை வந்தவர் மஞ்சள்" என்றார்.

சிவப்புக் குவளையை வாங்கி மடமடவென்று குடித்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. வெட்கமாக இருந்தது. அதையும் மீறி, இதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன என்று கோபமாகவும் இருந்தது. அதைக் கேட்டேன். "சொல்வதற்கு இதில் என்ன இருக்கிறது?" என்றார். அவருக்கு உண்மையிலேயே அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வெயில் ஏறின பிறகு ஒரு பழைய லாரி வந்தது. வேலிக் கம்பிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு ஒருவர் தனியாக ஓட்டிக்கொண்டு வந்தார். டாமி என்று பெயர். அந்த மண்ணின் பழங்குடிக்காரர், என்னைவிடவும் கறுப்பு. எங்கள் நிலைமையை விசாரிக்கவே இல்லை, பீப்பாயைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். தன் கேனில் இருந்ததில் பாதியை எங்கள் ரேடியேட்டரில் ஊற்றினார். தன் குவளையில் எனக்குக் குடிக்கக் கொடுத்தார். அதில் எந்தப் புள்ளியும் இல்லை. பிறகு எங்களுக்கு முன்னால் லாரியை விட்டுக்கொண்டு, ரோட்டிலிருந்து விலகிப் போன ஒரு தடத்தில் ஆழ்குழாய்க் கிணற்றுத் தொட்டிக்குக் கூட்டிப் போனார். அந்தத் தடம் எங்களுக்கு ஜென்மத்துக்கும் தெரிந்திருக்காது. ஆட்டுக்கு வைத்த தண்ணீர்தான். உப்புக் கரித்தது. அதைவிட ருசியான ஒன்றை நான் அதுவரை குடித்ததில்லை.

நான்காம் நாள் மூன்று பேரும் ஒன்றாகவே ஒரு ஹோட்டலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஊர் எதுவும் கிடையாது. ஒரு பெட்ரோல் பம்ப், ஒரு தகரக் கட்டடம், வாசலில் ஒரு நாய். டீ வாங்கித் தருகிறேன் என்று டாமியைக் கூப்பிட்டேன். அவர் வாசல் பக்கம் வராமல் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார். கை கழுவப் போகிறார் என்று நினைத்தேன்.

எனக்குப் பீங்கான் கப்பில் சாசரோடு டீ வந்தது. தொழில் புத்தி, அடியைத் திருப்பி எந்தக் கம்பெனி என்று பார்த்தேன். நிமிர்ந்தபோது சமையலறை ஜன்னல் தெரிந்தது. அதன் வழியாக ஒரு கை வெளியே போனது. கையில் ஒரு ஜாம் டப்பா, அதில் டீ. வெளியே நின்று அதை வாங்கிக்கொண்டவர் டாமி.

எனக்கு ஆவேசம் வந்துவிட்டது. "அவர் இல்லாவிட்டால் நாங்கள் இரண்டு பேரும் செத்திருப்போம். எனக்குக் கப்பு சாசர், அவருக்குத் தகர டப்பாவா?" என்று மேசையைத் தட்டினேன். நாய்கூட எழுந்து நின்றது.

கல்லாவில் இருந்த அம்மாள் கோபப்படவே இல்லை. "அவங்களுக்கு எப்பவும் ஜன்னல்தான். யாரும் குறை சொன்னதில்லை. நீங்க விருந்தாளி, உட்காருங்க" என்றாள்.

ரான் தன் டம்ளரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கப்பையும் சாசரையும் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போய், டாமிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது, ஒளிப்பானேன். இது என்ன நாடு, இது என்ன அநியாயம் என்று அவரிடம் பொரிந்து தள்ளினேன். டாமி டப்பாவை ஊதி ஊதிக் குடித்தார். நான் மூச்சு வாங்கினபோது கேட்டார், "உங்க நாட்டில் இப்படி உண்டா?"

"இல்லை" என்றேன்.

யோசிக்கவே இல்லை. நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. டாமி தலையை ஆட்டி, "நல்ல நாடு" என்றார்.

ஐந்தாம் நாள் வெள்ளை மண் இருக்கிற இடத்துக்குப் போனோம். ஒரு சிறு குன்று முழுக்கக் கண்ணைக் கூசுகிற வெள்ளை. இதைப் பார்க்கத்தான் இவ்வளவு பாடு. எங்கள் வழக்கப்படி ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். மண் அருமையான மண். வாய்தான் சரியில்லை.

விருத்தாசலத்துக்குத் திரும்பின அன்றே எங்கள் கூடத்துக்கு எதிரில் இருக்கிற ராமசாமியின் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். வெளிநாட்டுக் கதை கேட்கப் பத்து பேர் பெஞ்சியை நிறைத்திருந்தார்கள். நானும் விடவில்லை. பதினேழு கேட்டையும் திறந்தேன். சிவப்புப் புள்ளிக்கு வந்தபோது குரல் தானாக உயர்ந்தது.

"எனக்குன்னு தனியா ஒரு கொவளைங்க, அதுல புள்ளி! மூணு நாளு எனக்குத் தொண்டைல தண்ணி எறங்கல. அந்த அவமானத்தை அனுபவிச்சாத்தான் தெரியும்" என்றேன். பச்சைப் புள்ளி வரைக்கும் சொன்னேன், ஜாம் டப்பாவையும் சொன்னேன். டாமி கேட்ட கேள்வியை மட்டும் விட்டுவிட்டேன்.

"என்னா அக்கிரமம் பாருங்க சார்! மனுசனுக்கு மனுசன் இப்பிடியா?" என்று ராமசாமி டீயை ஆற்றிக்கொண்டே அங்கலாய்த்தார். பெஞ்சி முழுவதும் உச்சுக் கொட்டியது.

அப்போது வெளியே கூரை ஓரமாக நின்ற கலியன் குரல் கொடுத்தான். நான் வந்ததைக் கேள்விப்பட்டு சூளையிலிருந்து வந்திருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ தெரியாது.

"அந்தக் கப்பு என்னா ஆச்சிங்க சார்?"

"ஒடஞ்சி போச்சி கலியா. வைக்கோலைக் கொளுத்திப்புட்டாங்க."

"அடடா." கலியன் உண்மையிலேயே வருத்தப்பட்டான். பிறகு எதையோ கணக்குப் பார்க்கிறவன்போல விரலை மடக்கினான். கேலி இல்லை, குத்தல் இல்லை. சூளை எத்தனை மணி நேரம் எரிந்தது என்று கேட்கிற அதே குரலில் கேட்டான்.

"மூணு நாளுங்களா சார்?"

ராமசாமி டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார். கலியன் கையில் ஒரு கப்பு இருந்தது. அவன் எரித்து இறக்கின கப்பு. காதுக்குக் கீழே நீலப் புள்ளி, சற்றே இடப்பக்கம் சாய்ந்திருந்தது. என் கை அப்படி. நான் வைக்கிற புள்ளியெல்லாம் அப்படித்தான் சாயும். அவன் குடித்து முடித்து, குடத்திலிருந்து தானே தண்ணீர் மொண்டு கழுவி, கப்பை மூங்கிலில் மாட்டிவிட்டு, "போயிட்டு வரேங்க சார்" என்று சூளைக்குப் போனான்.

அன்றையிலிருந்து நான் புள்ளி வைப்பதை நிறுத்தினேன். கோணல் கப்பு கோணலாகவே போகட்டும், பார்த்தாலே தெரியாதா என்று முதலாளியிடம் சொல்லிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ராமசாமி என்னைத் தேடிக்கொண்டு வந்தார். "புள்ளி இல்லாம ஒண்ணோட ஒண்ணு கலந்துபூடுது சார். இத்தினி நாளா யாரும் கொற சொன்னதில்லியே, இப்ப எதுக்கு நிறுத்துனீங்க?" என்றார்.

"கலக்கட்டும்" என்றேன். ஆஸ்திரேலியாவில் மேசையைத் தட்டின கைதான் இது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்குமேல் எனக்குச் சத்தம் எழும்பவில்லை. டாமியிடம் 'இல்லை' என்று பொய் சொன்ன வாய்தானே இதுவும்.

ராமசாமி என்னோடு சண்டை பிடிக்கவில்லை. கடைத்தெருவில் ஒரு சின்ன டப்பா பெயிண்ட் வாங்கிவந்து, மூங்கிலில் தொங்கின கப்புகளுக்கெல்லாம் தன் கையாலேயே புள்ளி வைத்துக்கொண்டார். சிவப்புப் பெயிண்ட்.